பார்க் ஃபேசிங் வயர் நாற்காலி

அக்கா,

பசுஞ்சோலை நகர் குடியிருப்போர் நலச்சங்கம் சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை கூடி, நீண்ட விவாதத்துக்குப் பின், நகரின் எதிர்காலத்தைப் பாதிக்கக்கூடிய ஒரு முடிவை ஒருமனதாக எடுத்திருக்கிறது. பூங்காவில் முந்திரி மரத்தடியில் கிடக்கும் இரும்பு நாற்காலிக்குப் பழைய வயரை அறுத்துவிட்டுப் புது வயர் பின்னுவது, நிறம் பச்சை. ஒருமனதாக என்பது கடைசியில்தான். தொடக்கத்தில் நீலத்துக்கு ஒரு கட்சியும் அரக்குக்கு ஒரு கட்சியும் இருந்தன. அரக்குக் கட்சிக்கு என் மனைவி தலைமை. ஏற்கெனவே இருக்கும் நிறத்தை மாற்றச் சங்கத்துக்கு அதிகாரம் இருக்கிறதா என்று வர்கீஸ் ஒரு சட்டப் பிரச்சினையைக் கிளப்பினார். அந்தப் பழைய வயரின் நிறம் என்ன என்று யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. நீங்கள் உட்கார்ந்து உட்கார்ந்தும், மேலே கரித்தூசி படிந்து படிந்தும், அது ஒரு பொதுவான நிறத்துக்கு வந்துவிட்டிருந்தது. கடைசியில் நாற்காலியைக் கவிழ்த்து, அடியில் முடிச்சுப் போட்ட இடத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்கள். பச்சை. கட்சிகள் கலைந்தன.

இன்று காலை அப்பாராவ் மரத்தடியில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருக்கிறார். வயர்ச் சுருளைப் பிரித்ததும் புதுக் குடத்தின் வாசனை போல ஒரு வாசனை எழுந்தது. நீங்கள் அந்த நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, நான்கு கால்களும் வானத்தைப் பார்க்கத் தெருவைக் கடந்து வந்த நாள் எனக்கு நினைவு வந்தது. அன்றும் அதில் இதே வாசனைதான். உங்கள் மகள் ஓசூரிலிருந்து வந்து, அப்போதுதான் புது வயர் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

நிலக்கரிச் சுரங்க நிறுவனத்தின் டவுன்ஷிப்பில் இருந்தவரை நாங்கள் யாரும் நிலத்தைப் பற்றி யோசித்தவர்கள் இல்லை. குவார்ட்டர்ஸ் நிறுவனத்துடையது. அதன் பின்னால் நின்ற மாமரமும் நிறுவனத்துடையது. காய் மட்டும் எங்களுடையது. குழாய் ஒழுகினால் கம்ப்ளைன்ட் கொடுப்போம், ஆள் வரும். மனிதனுக்குத் தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும் என்ற செய்தி, ஓய்வு பெற்று வீட்டைக் காலி செய்ய வேண்டிய மாதத்தில்தான் எங்களுக்கு எட்டியது. சொந்த ஊருக்குத் திரும்பலாம் என்று போய்ப் பார்த்தவர்கள், அங்கே தங்களை யாருக்கும் தெரியவில்லை என்று அறிந்து திரும்பி வந்தார்கள். நான் திருநெல்வேலிக்காரன். என் தமிழைக் கேட்டுவிட்டு என் அண்ணன் மகனே, "சித்தப்பா, நீங்க மெட்ராஸா?" என்று கேட்டான். அத்துடன் நான் இங்கேயே மனை வாங்குவதென்று முடிவு செய்தேன்.

மனை என்றால் தரகர் கலியமூர்த்தி. இந்தப் பக்கத்து நிலச் சந்தை முழுவதும் இரண்டு கேள்விகளின் மேல் நிற்கிறது. இரண்டுக்கும் அவரிடம் விடை இருந்தது. மற்ற ஊர்களில் மனை வாங்குகிறவர்கள் கிழக்கா மேற்கா என்று கேட்பார்கள், தண்ணீர் எத்தனை அடியில் என்று கேட்பார்கள். இங்கே முதல் கேள்வி, "கீழ நிலக்கரி இருக்கா?" குடியிருக்க வந்தவர்களிடம் கலியமூர்த்தி, "சுத்தமா இல்ல சார், அடி வரைக்கும் வெறும் செம்மண்ணு" என்பார். முதலீடு செய்ய வந்தவர்களிடம் அதே மனையைக் காட்டி, "கீழ பூராவும் கரிதான் சார், என்னைக்கு இருந்தாலும் நஷ்டஈடு வரும்" என்பார். இரண்டாவது கேள்வியை யாரும் சத்தமாகக் கேட்க மாட்டார்கள். "இங்க நம்ம ஆளுங்க இருக்காங்களா?" அதற்கு அவர் எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னார். "பூராவும் நம்ம ஆளுங்கதான்." கோட்டயத்து வர்கீஸிடமும், நெல்லூர் அப்பாராவிடமும், என்னிடமும், உங்களிடமும் அதையே சொன்னார். குடிவந்த பிறகு ஒருவரையொருவர் பார்த்து நாங்கள் அடைந்த வியப்பு உங்களுக்கு நினைவிருக்கும்.

பசுஞ்சோலை நகர் என்று பெயர் வைப்பதற்காக அங்கே இருந்த முந்திரித் தோப்பை வெட்டியிருந்தார்கள். பூங்கா என்று ஒதுக்கிய இடத்தில் ஒரு மரம் மட்டும் தப்பியது. அந்த இடத்துக்கு எதிரில் நீங்கள் மனை வாங்கினீர்கள். நீங்கள் நிலக்கரியைப் பற்றிக் கேட்கவே இல்லையாம். கலியமூர்த்தியே பின்னாளில் ஆச்சரியப்பட்டுச் சொன்னார். "வாசல்ல குந்துனா எதிர்ல என்னா தெரியும்?" என்று மட்டும் கேட்டீர்களாம். பார்க்கு என்றார் அவர். மற்ற மனைகளைவிட விலை கூடுதல். "குடு" என்று வாங்கிவிட்டீர்கள்.

ஏன் கூடுதலாகக் கொடுத்தீர்கள் என்று ஒருநாள் நான் கேட்டேன். உங்கள் ஊர் சுரங்கத்துக்குள் போனது. அதற்குப் பதிலாகக் கிடைத்த இடத்தில் வீடு கட்டிப் பிள்ளை பெற்று முடிப்பதற்குள், சுரங்கம் அங்கேயும் நகர்ந்து வந்தது. நிலம் கொடுத்த கணக்கில்தான் உங்கள் வீட்டுக்காரருக்குச் சுரங்கத்தில் வேலை கிடைத்து, பர்மனெண்டும் ஆனார். இரண்டு முறை பெயர்ந்து வந்ததை நீங்கள் ஏதோ பேருந்து மாறி வந்ததைப் போலச் சொன்னீர்கள். "எதிர்ல வூடு இருந்தா, அவன் கெளம்பும்போது நம்மளயும் சேத்துக் கெளப்புவான் சார். பார்க்கு எங்க கெளம்பப் போவுது?"

பூங்கா கிளம்பியது. ஒரு திங்கட்கிழமை காலையில் பார்த்தால், முந்திரி மரத்தைச் சுற்றி மஞ்சள் பூசிய எல்லைக் கற்கள் நட்டிருந்தன. நான்கு மனைகள். வரைபடத்தில் பூங்காவாக இருந்ததை, மனைப்பிரிவு போட்டவர் விற்பனைக்கு எடுத்துவிட்டார். உங்கள் வாசலுக்கு எதிரே ஒரு சுற்றுச்சுவர் எழும்பும். தெரு, ஒரு ஆள் நடக்கும் சந்தாகிவிடும். நாங்கள் கலியமூர்த்தியைப் பிடித்துக் கேட்டோம்.

"பார்க்கு எங்கயும் போவல சார்" என்றார். "கொஞ்சம் சுருங்குது. அவ்ளோதான்."

"எவ்வளவு சுருங்குது?"

"அந்த மரம் வரைக்கும் இருக்கும் சார்."

"மரத்துக்கு எந்தப் பக்கம் வரைக்கும்?"

"மரம் சார்."

நான் ஒரு மனு எழுதினேன். அலுவலகத்தில் கோப்புகளோடு ஒரு வாழ்க்கையைக் கழித்தவன் எழுதிய மனு அது. அதில் ஒரு சொல்லைக்கூட நீக்க முடியாது. அதைக் கொடுத்துவிட்டு வந்து, வேலை முடிந்தது என்று மத்தியானம் தூங்கினேன்.

அன்று மாலை எல்லோரும் உங்கள் வாசலில் கூடினோம். கல் நட்டாகிவிட்டது, அடுத்தது வேலி. வேலி போட்டுவிட்டால் பிறகு வழக்கு, வாய்தா, நாம் உயிரோடு இருக்க மாட்டோம் என்று வர்கீஸ் விளக்கினார். வேலியை எப்போது போடுவான் என்று கேட்டீர்கள்.

"ஆளில்லாத நேரம் பார்த்துப் போடுவான்."

"அப்ப ஆளு இருந்துட்டாப் போச்சி."

அப்பாராவ் சிரித்தார். "எத்தனை நாளைக்கும்மா இருப்பீங்க?"

"மைன்ஸு எத்தினி வருசமா ஓடுது? அதுல ஒரு நாளாவது ஆளு இல்லாம இருந்துச்சா?" என்றீர்கள். "மூணாவது தடவையும் என்னைய நவுத்தறதுன்னா, நா குந்திகினு இருக்கும்போதே நவுத்தட்டும்."

மறுநாள் நாற்காலி வந்தது. நீங்கள் அதை நான்கு மனைகளுக்கும் நடுவில், சரியாக நடுவில், போட்டு உட்கார்ந்தீர்கள்.

ஒரு வேலை மூன்று ஷிப்டாகப் பிரிந்துவிட்டால் எங்கள் ஆட்களுக்கு வேறு எதுவும் சொல்லித் தர வேண்டியதில்லை. முதல் வாரத்திலேயே சுரங்கத்தின் எல்லாப் பதவிகளும் பூங்காவில் முளைத்தன. வர்கீஸ் ஷிப்டு இன்சார்ஜ். அப்பாராவ் வாராந்திர விடுப்பு யாருக்கு எந்தக் கிழமை என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை எடுத்துக்கொண்டார். நைட் ஷிப்டுக்குப் போட்டியே இருந்தது. ஓய்வு பெற்றவர்களுக்கு எப்படியும் தூக்கம் வருவதில்லை. எனக்கு ஜெனரல் ஷிப்டு, அலுவலகக்காரன் என்பதால். ஆனால் விதி என்று ஒன்றுதான். அது சுரங்கத்து விதி. மாற்றுக்கு ஆள் வந்து நின்றாலொழிய இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது. "ரிலீவர் வராம எந்திரிக்கிறவன், வரவே வேணாம்" என்றீர்கள். உங்கள் வீட்டுக்காரர் மாற்றாள் வராததால் வேலையிலேயே தங்கிவிட்ட நாட்களில் தூக்குச்சட்டியோடு எத்தனை முறை கேட்டில் போய் நின்றிருப்பீர்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

வேலிக்காரர்கள் வந்த நாளை நான் இன்றும் நல்ல சாப்பாட்டை நினைப்பதுபோல நினைத்துக்கொள்கிறேன்.

முதல் ஷிப்டு வர்கீஸுடையது. அவருடைய ரிலீவர் அப்பாராவ், சேத்தியாத்தோப்பில் ஒரு புதுமனைப் புகுவிழாவுக்குப் போய் பஸ் கிடைக்காமல் நின்றுகொண்டிருந்தார். நீங்கள் மகளுக்குப் புடவை எடுக்கக் குறிஞ்சிப்பாடி போயிருந்தீர்கள். சுரங்கத்திலிருந்து ஷிப்டு பஸ்கள் திரும்பும் நேரத்தில், கல்லுக்கால்களும் கம்பிச் சுருளும் ஏற்றிய லாரி வந்து நின்றது. கடப்பாரையோடு ஆட்கள் இறங்கினார்கள். பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் கலியமூர்த்தி. அன்று எனக்கு வாராந்திர விடுப்பு, என் மனைவி என்னை எழுப்பி அனுப்பினாள். நான் போய்ச் சேர்ந்தபோது பேச்சுவார்த்தை தொடங்கியிருந்தது.

"சேட்டா, செத்த நேரம் அந்தாண்ட போயி உக்காருங்க. குழி எடுத்துட்டா நீங்களே வந்து உக்காந்துக்கலாம்."

கோபம் வந்தால் வர்கீஸுக்கு மலையாளம் வரும். "ரிலீவர் வரட்டே" என்றார்.

"எந்த ரிலீவரு?"

"எனக்குள்ள ரிலீவர். அப்பாராவ்."

"அவரு எப்ப வருவாரு?"

"அது டைம் ஆபீஸில் கேக்கணும்."

கலியமூர்த்தி ஆட்களைப் பார்த்து, "அந்தாளத் தூக்கி ஓரமா வைங்கப்பா" என்றார். அவர்களுடைய மேஸ்திரி கடப்பாரையை மண்ணில் குத்தி நிறுத்திவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, வர்கீஸைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"மைன்ஸா சார் நீங்க?"

"கன்வேயர்."

"நாங்க காண்ட்ராக்டு சார். பெல்ட்டு கிளீனிங். இன்னிக்கு ஆஃபு, அதான் இந்த வேலைக்கு வந்தோம்." பிறகு கலியமூர்த்தியிடம் திரும்பினான். "ரிலீவர் வராம அவரு எப்பிடிங்க எந்திரிப்பாரு?"

"யோவ், அவரு ரிட்டயர்டு ஆயி எவ்ளோ காலமாவுது தெரியுமா?"

"ஆனா மட்டும்? ஆளு மாத்தாம எந்திரிச்சிப் போயி, பின்னால ஒண்ணு ஆச்சின்னா யாரு பதில் சொல்றது?"

"இங்க என்னாய்யா ஆவப் போவுது? இது வெறும் மண்ணுய்யா!"

"அது எங்களுக்குத் தெரியாதுங்க" என்றான் மேஸ்திரி. ஆட்கள் எல்லோரும் முந்திரி நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் வேலைநிறுத்தம் செய்யவில்லை. எங்கள் பக்கமும் சேரவில்லை. ரிலீவருக்காகக் காத்திருந்தார்கள், அவ்வளவுதான். கலியமூர்த்தி தொலைபேசியில் யாருக்கோ இதை விளக்க முயன்றார். சென்னையில் இருந்த ஒருவருக்கு இதை விளக்குவது எளிதல்ல.

அப்புறம் நீங்கள் வந்தீர்கள். கையில் துணிப்பை, நெற்றியில் வியர்வை. லாரியைப் பார்த்தீர்கள், ஆட்களைப் பார்த்தீர்கள், யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. நேரே நாற்காலியின் எதிரில் போய் நின்றீர்கள். வர்கீஸ் எழுந்தார், முதுகை நிமிர்த்தி, "எல்லாம் நார்மல்" என்று ஒப்படைத்துவிட்டு, இத்தனை நேரம் அடக்கி வைத்திருந்த காரணத்துக்காக வீட்டைப் பார்த்து ஓடினார். நீங்கள் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டீர்கள்.

கலியமூர்த்திக்கு முகம் மலர்ந்தது. "ரிலீவர் வந்தாச்சி இல்ல? ஆரம்பிங்கப்பா."

"இப்பதானங்க அந்தம்மா ட்யூட்டி ஏறுது" என்றான் மேஸ்திரி.

என்னிடம் திரும்பி, "சார், புள்ளைங்க வெயில்ல வந்துருக்குது. வூட்ல மோரு இருக்குது, மொண்டாந்து குடுங்க" என்றீர்கள். உங்கள் எதிரிகளுக்கு நான் மோர் பரிமாறினேன். மேஸ்திரி இரண்டாவது முறை வாங்கிக் குடித்தான்.

அந்த நேரத்தில்தான் அந்தக் கார் வந்தது. விழுப்புரத்திலிருந்து மனை பார்க்க ஒரு கணவன் மனைவி. வேலி போட்ட மனையைக் காட்டுவதற்காகக் கலியமூர்த்தியே வரச்சொல்லியிருந்தார். அவர்கள் இறங்கி வந்து, தாங்கள் வாங்கப்போகும் நிலத்தின் நடுவில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்கள்.

"இவங்க யாரு?"

"சும்மா சார். காத்தாட வந்து உக்காந்துருக்காங்க."

"நா மனையோட வரேங்க" என்றீர்கள்.

"என்னது?"

"மனையோட சேத்துத்தாங்க நானு. வேலி போட்டாலும் உள்ளாறதான் குந்திகினு இருப்பேன். நா போயிட்டன்னா அந்தக் கேரளாக்காரரு வருவாரு. அவரு போனாருன்னா தெலுங்குக்காரரு. நீங்க வூடு கட்டுனீங்கன்னா, ஹால்ல கொஞ்சம் எடம் வுட்டுக் கட்டுங்க."

கணவன் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். மனைவி நிலத்தைத் தெரிந்தவள். அவள் கலியமூர்த்தியிடம் தாழ்ந்த குரலில், "கீழ நிலக்கரி ஏதும் இல்லியே?" என்று கேட்டாள்.

"சுத்தமா இல்லம்மா. அடி வரைக்கும் வெறும் செம்மண்ணு."

நீங்கள் புடவைப் பையின் மடிப்பை நீவிக்கொண்டே சொன்னீர்கள். "எங்க ஊருலயும் இல்லன்னுதாம்மா சொன்னாங்க."

"எந்த ஊரு நீங்க?"

"இப்ப இல்லம்மா அது."

கார்க் கதவுகள் இரண்டும் சாத்தும் சத்தம் ஒன்றாகவே கேட்டது. பொழுது சாய்ந்தது. மேஸ்திரி கல்லுக்கால்களைத் திரும்ப லாரியில் ஏற்றினான். போகும்போது உங்களிடம், "வர்றோம்மா. ரிலீவர் வந்துருவாருல்ல?" என்று அக்கறையாகக் கேட்டான். "வந்துகினு இருக்காரு" என்றீர்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் அப்பாராவ் விழாச் சாப்பாட்டின் வெற்றிலையோடு வந்து, நடந்ததைக் கேட்டு, தான் இல்லாமல் போனதற்காக ஒரு மாதம் வருந்தினார்.

அதற்குப் பிறகும் மனை பார்க்க ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொரு முறையும் நாற்காலியில் யாராவது இருந்தார்கள். விற்க முடியாத நிலத்தில் பணத்தை முடக்க யாருக்கும் மனம் வராது. மனைப்பிரிவு போட்டவர் மெல்ல மெல்ல எங்களை மறந்தார். என் மனுவுக்கும் பதில் வந்தது. அந்த இடம் பொது உபயோகத்துக்கானது, விற்பனைக்கு உரியதல்ல என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். ஒரு பலகையும் நட்டுவிட்டுப் போனார்கள். நான் அந்தப் பதிலைப் பூங்காவில் எல்லோர் முன்னும் வாசித்தேன்.

"அப்ப நாம குந்துனது சரிதான்னு எழுதியிருக்காங்களா சார்?"

"ஆமா அக்கா."

"நல்லா எழுதியிருந்தீங்க போல" என்றீர்கள். அந்தப் பாராட்டை நான் முழுமையாக ஏற்றுக்கொண்டேன்.

மஞ்சள் கற்களில் ஒன்று இப்போது அப்பாராவ் வீட்டுத் துவைக்கும் கல். மற்றவை பூங்காவில் உட்கார. வெற்றி கிடைத்த பிறகு ஷிப்டை நிறுத்தியிருக்கலாம். ஆனால் நிறுத்தச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. போட வேண்டிய அதிகாரி யார் என்பதும் தெளிவாக இல்லை. எனவே அது தொடர்ந்தது. நைட் ஷிப்டை மட்டும் பனியை உத்தேசித்து ரத்து செய்தோம்.

வர்கீஸ் வீட்டு மாடிக்கு சுனிதா குடிவந்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. ஒடிசாக்காரப் பெண், அவள் கணவனுக்குச் சுரங்கத்தில் காண்ட்ராக்டு வேலை. அவளும் ஒரு ஷிப்டு கேட்டாள். வீட்டுக்காரர்கள் பர்மனெண்டு, வாடகைக்காரர்கள் காண்ட்ராக்டு, இந்த வேலை பர்மனெண்டுகளுக்கு உரியது என்று அப்பாராவ் ஒரு தீர்ப்பைச் சொன்னார்.

"குந்தறதுல என்னாய்யா காண்ட்ராக்டு, பர்மனெண்டு?" என்றீர்கள். "நீ வா புள்ள."

அவள் உங்களிடமிருந்து தமிழ் கற்றாள். அதனால் நடந்ததைக் கேளுங்கள். வர்கீஸ் பேசுவது ஒரு தமிழ், அப்பாராவ் பேசுவது ஒரு தமிழ், நான் பேசுவது எந்த மாவட்டமும் உரிமை கோராத தமிழ். பசுஞ்சோலை நகரிலேயே உங்களுக்கு அடுத்து இந்த மண்ணின் பேச்சு பேசியவள் ஒடிசாக்காரிதான். போன வாரம் தொலைபேசியில் யாரிடமோ, "வூட்லதாங்க இருக்கேன், சோறு ஆக்கிகினு இருக்கேன்" என்றாள். நான் தெருவில் நின்றுவிட்டேன்.

நீங்கள் போன நாளிலும் ஒழுங்காகவே போனீர்கள். முதல் ஷிப்டு முடிந்தது. சுனிதா வந்து எதிரில் நின்றாள். "நீ குந்து புள்ள, நா வூட்டுக்குப் போறேன்" என்று சொல்லி எழுந்தீர்களாம். வாசற்படியில் சாய்ந்து பூங்காவைப் பார்த்தபடி இருந்தீர்கள். அவள் தண்ணீர் கேட்டுக் கூப்பிட்டபோதுதான் தெரிந்தது. மூன்றாவது முறை உங்களை யாரும் நகர்த்தவில்லை, அக்கா. நீங்கள் வாங்கிய வாசலிலிருந்தே உங்களை எடுத்தார்கள். ஊரே பின்னால் போனது. "பூராவும் நம்ம ஆளுங்கதான்" என்று கலியமூர்த்தி அன்று சொன்ன பொய் எப்போது உண்மையானது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அத்தனை பேரும் உங்கள் ஆட்களாகத்தான் நடந்து போனார்கள். நான் வரவில்லை. எனக்கு ட்யூட்டி. ஊர்வலம் மரத்தைக் கடக்கும்போது நாற்காலியிலிருந்து எழுந்து நிற்க வேண்டும் போலிருந்தது. ரிலீவர் வரவில்லை, உட்கார்ந்தே இருந்தேன்.

இப்போதும் அப்படித்தான். வங்கியில், மருத்துவமனையில், கல்யாணப் பந்தியில், எங்கே உட்கார்ந்தாலும், எழுந்திருக்கும் முன் எனக்குப் பின்னால் யாராவது வந்து நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கிறேன்.

பூங்கா எதிரில் உள்ள மனைகளுக்குத்தான் இங்கே இன்று அதிக விலை. உங்கள் மகள் வீட்டை விற்க முடிவு செய்தபோது வரிசையாக ஆட்கள் வந்தார்கள். கலியமூர்த்தி அவர்களில் யாரையும் பிடிக்கவில்லை என்று ஒவ்வொருவராகத் திருப்பி அனுப்பினார். ஒரு மாலை என் பக்கத்துக் கல்லில் வந்து உட்கார்ந்தார். வயதாகிவிட்டது, சொந்தமாக ஒரு வீடு வேண்டும், வாசலில் உட்கார்ந்தால் எதிரில் ஏதாவது தெரிய வேண்டும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"சார், கீழ நிலக்கரி கிலக்கரி ஒண்ணும் இல்லியே?"

"அக்கா ஊருலயும் இல்லன்னுதான் சொன்னாங்க" என்றேன்.

அவர் எழுந்து போய் உங்கள் வாசற்படியில் உட்கார்ந்து முந்திரி மரத்தைப் பார்த்தார்.

பத்திரம் சென்ற மாதம் பதிவானது. வியாழக்கிழமை முதல் ஷிப்டு கலியமூர்த்தி.